மாவு புளிக்காத ஊரில் ஒரு பாட்டில்

ஊட்டியில் டிசம்பர் மாதம் இட்லி மாவு ஒரே ராத்திரியில் புளிக்காது. இங்கே குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. சமூக மருத்துவம் படித்து முடித்து முதல் ஆய்வுக்கு வந்த மூன்று பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த எனக்கும்தான் உறைக்கவில்லை.

நகரத்தின் ஒரு சரிவில் நெருக்கிக் கட்டிய வீடுகள். மழை ஓய்ந்த பிறகும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று அங்குள்ள மகளிர் குழுவினர்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். முதல் நாளே பிள்ளைகள் ஒப்புதல் படிவத்தை நீட்ட, பாதிக் கதவுகள் சாத்திக்கொண்டன. பட்டா இல்லாத வீடுகள். பெருமழை பெய்தால் ‘மண்சரிவு அபாயம், காலி செய்யுங்கள்’ என்ற பேச்சு கிளம்பும் இடம். அங்கே போய்க் கையெழுத்துக் கேட்டால் யார் போடுவார்கள்? நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் படிவத்தை விடவும் முடியாது. சரி, பத்து நாளைக்கு அதைப் பைக்குள்ளேயே வையுங்கள், தண்ணீர் வரும் நேரத்துக்குப் போய்க் குடம் தூக்க ஒரு கை கொடுங்கள் என்றேன்.

குடம் தூக்கியதில் கேள்வித்தாளே மாறிப்போனது. ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பொய்யும் இல்லை; காய்ச்சத்தான் செய்கிறார்கள். ஆனால் விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளை டிரம்மில் டம்ளரை விட்டு மொண்டு குடித்துவிடும். “இன்னிக்குக் காலைல குழந்தை எதுலருந்து தண்ணி குடிச்சுதுன்னு கேளு கண்ணு” என்று ஒரு குழு உறுப்பினர் திருத்திக் கொடுத்தார். (ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுமே, கிருமி சாகுமா என்று ஒரு மாணவர் கவலைப்பட்டார். சாகும், கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விட்டால் போதும்.)

அப்புறம் பாட்டில். 1982இல் குவாலியர் ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய சோதனை இது. மருந்து தோய்த்த காகிதம் உள்ள சின்ன பாட்டிலில் குறி வரை தண்ணீர் ஊற்றி வைத்தால், மலக்கலப்பு இருக்கும்போது ஓரிரு நாளில் கறுக்கும். எட்டு வீட்டுத் தண்ணீரை எடுத்து எங்கள் அறை ஜன்னலோரம் வரிசையாக வைத்தோம். இரண்டு நாளாகியும் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. ‘தண்ணீர் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக்கொண்டு தெருக் கூட்டத்துக்குப் போனோம்.

கேள்வியைத் திருத்திக் கொடுத்த அந்த அம்மா பாட்டிலை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். “இத எங்க வெச்சிருந்தீங்க?” ஜன்னலோரம் என்றோம். “நான் மாவுச் சட்டியைக் கம்பளி சுத்தி அடுப்புப் பக்கத்துல வெக்கறேன். அதுக்கே ரெண்டு நாளாகுது. உன் பூச்சிக்கு மட்டும் குளிராதா சாமி?”

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. கிருமி வளர உடம்புச் சூடு மாதிரி வெப்பம் வேண்டும் என்பதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். புதிதாகத் தண்ணீர் எடுத்து, அவர் வீட்டு அடுப்பு மேடையில் மாவுச் சட்டிக்கு அருகிலேயே கம்பளிக்குள் வைத்தோம். மறுநாள் மாலைக்குள் எட்டில் ஐந்து கறுத்திருந்தன. ஆய்வகத்துக்கு அனுப்பியும் உறுதிசெய்துகொண்டோம்.

காரணத்தையும் தெருவே காட்டிக்கொடுத்தது. அந்த ஐந்து வீட்டு இணைப்புக் குழாய்களும் சாக்கடைக்குள் முங்கிக் கிடந்தன. தண்ணீர் வந்ததும் ஆளாளுக்கு மோட்டார் போட்டு இழுக்கும்போது குழாயில் அழுத்தம் குறைந்து, கீறல் வழியாகச் சாக்கடை உள்ளே ஏறுகிறது. பிளம்பிங் வேலை தெரிந்த பையன் ஒருவன் முன்னால் நிற்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குழாய்களை மேலே தூக்கிக் கட்டிவிட்டார்கள். வயிற்றுப்போக்கு குறைந்ததா என்று இன்னும் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பை அந்த அம்மாதான் எடுக்கிறார், தன் வீட்டு அடுப்படியில். அதற்கு மதிப்பூதியம் கேட்டு எழுதினேன். கல்வித்தகுதி என்ன என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. அதுவரை ‘சிற்றுண்டிச் செலவு’ என்று வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கிறேன்.