ஆன்டிசீரம் படுத்திய பாடு

கொசு யாருடைய ரத்தத்தைக் குடித்திருக்கிறது, மனிதனுடையதா, விலங்கினுடையதா என்று கண்டுபிடிக்கும் வேலை. குடியாத்தம் பக்கம் மாட்டுக்கொட்டகைகளில் பொழுது சாய்ந்ததும் கொசு பிடித்தது, வயிறு சிவந்ததை மட்டும் பொறுக்கி வாட்மேன் வடிதாளில் நசுக்கியது எல்லாம் சுலபமாக முடிந்தது. எறும்புதான் ஜாக்கிரதை. காயவைத்த தாளை மேசையில் விட்டால் காலையில் ரத்தப் பொட்டு இருக்காது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள்.

படுத்தி எடுத்தது ஆன்டிசீரம், அதாவது ரத்தம் எந்த விலங்கினுடையது என்று காட்டிக்கொடுக்கும் சீரம். ஐஸ் பெட்டியில் வந்த பார்சலை கூரியர்காரர்கள் வெள்ளிக்கிழமை இறக்கி, வேலூர் வெயிலில் கொதிக்கும் ஒரு அறையில் போட்டுவிட்டு, திங்கள்கிழமை நீட்டினார்கள். ஐஸ் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் வெதுவெதுவென்று இருந்தது. விற்ற கம்பெனியிலோ, "நாங்க அனுப்பும்போது நல்லாத்தான் இருந்தது மேடம்" என்று முடித்துக்கொண்டார்கள்.

அதனால் கொசு மாதிரியில் கை வைக்கவே இல்லை. கறிக்கடைகளில் கேட்டு வாங்கிய ரத்தத்தை அதே தாளில் காயவைத்து, உப்புநீரில் ஊறவைத்து, அகரோஸ் ஜெல் தட்டின் நடுக்குழியில் விட்டேன். சுற்றுக்குழிகளில் மனிதன், மாடு, ஆடு, பன்றி, கோழி என ஆன்டிசீரங்கள். பொருந்தும் ஜோடி சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழ வேண்டும். மறுநாள் மாட்டுக்கு இருந்தது, ஆட்டுக்கும் இருந்தது. பன்றி ரத்தம் வைத்த தட்டில் ஒன்றுமே இல்லை.

இது சின்ன விஷயமில்லை. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1955இல், நம் வேலூரில்தான். அந்த வைரஸ் பன்றியின் உடலில் பெருகும். மாட்டில் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகாது. வீரியம் போன பாட்டிலை நம்பியிருந்தால், இந்த ஊர்க் கொசு பன்றியைக் கடிப்பதே இல்லை என்று அறிக்கை போயிருக்கும்.

தட்டைப் படமெடுத்து அனுப்பி, விடாமல் போன் செய்த பிறகு வேறு பாட்டில் வந்தது. இந்த முறை பார்சல் இறங்கும் நேரத்துக்கு நானே போய் நின்று வாங்கினேன். பன்றி ரத்தத்துக்குப் பளிச்சென்று கோடு விழுந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பாட்டில் வந்ததும் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கினால் வீரியம் குறையும். மாட்டு ஆன்டிசீரம் எருமை ரத்தத்துக்கும் கோடு போடும், ஆகவே பதிவேட்டில் "மாடு அல்லது எருமை" என்றே எழுதுங்கள். சோதித்துப் பார்க்க கறிக்கடையில் பல விலங்கு ரத்தம் கலந்த தொட்டி ரத்தம் வேண்டாம், அறுக்கும்போதே குழாயில் பிடித்துத் தரச் சொல்லுங்கள்.