பேப்பர் போய் புலனம் (வாட்ஸ்அப்) வந்தது, சரி, மரண அறிவிப்பு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலையில் பசியாற ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் முன்பெல்லாம் ஒரே பேப்பர் நாலு மேசை சுற்றும், முதல் பக்கம் ஒருவரிடம், விளையாட்டுப் பக்கம் இன்னொருவரிடம், நம் கைக்கு வரும்போது சாம்பார் கறையும் சேர்ந்தே வரும். இப்போது ஆளுக்கொரு கைப்பேசி. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனது. அன்று வருத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினீர்கள் என்று கேட்டால் சண்டைதான் வரும், விடுங்கள்.

வேகத்தில் குறையே இல்லை. வெள்ளமோ விபத்தோ, வணக்கம் மலேசியா இணையச் செய்தித்தளத்தில் உடனே பார்த்துவிடலாம், மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு இடிப்பது மரண அறிவிப்புதான். பேப்பரில் என்றால் படம், முன்பு குடியிருந்த தோட்டத்தின் (எஸ்டேட்டின்) பெயர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். தோட்டத்தை விட்டு ஷா ஆலம், ஜோகூர் என்று சிதறிப்போன சனம் அதைப் பார்த்துத்தான் கருமக்கிரியைக்காவது வந்து சேரும். இப்போது புலனத்தில் வருகிறது, ஆனால் அந்தக் குழுவில் நாம் இருந்தால்தானே! எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவர் தவறியது எனக்குத் தெரிந்ததே பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான்.

பழைய தோட்டத்து ஆட்களுக்கு ஒரு குழு தொடங்குகிறேன், வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள். 'காலை வணக்கம்' பூப்படம் மட்டும் அனுப்பக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.