எந்த நரம்பு?

அக்காவுக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையையும் முதுகுத்தண்டையும் தாக்கும் நோய்) என்று கண்டி கிளினிக்கில் சொன்னபோது கை மரத்துப்போகத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. கொழுந்து பறிக்கும்போது விரலில் இலை படுவதே தெரியவில்லை என்றாள், பலவீனம் என்று விற்றமின் கொடுத்து அனுப்பினார்கள், அப்புறம் ஒரு கண் மங்கிய பிறகுதான் தலவாக்கலையில் விடியற்காலை பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனதும், எம்.ஆர்.ஐ. எடுத்ததும், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்ததும்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் கூடலூரிலிருந்து சித்தப்பா மகன் பேசினான். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கே போன குடும்பம். கழுத்து நரம்பில் அடைப்பாம், பலூன் விட்டு விரித்தால் எம்.எஸ். சரியாகிவிடுமாம். அம்மா அன்றைக்கே சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

நானும் நம்பினேன். நம் பேச்சில் புறங்கையில் பச்சையாகத் தெரிவதும் நரம்பு, மூளையிலிருந்து கிளம்புவதும் நரம்பு. பள்ளிக்கூடத்தில் நாடி, நாளம், நரம்பு என்று தனித்தனியாகப் படித்தது அப்போது ஞாபகம் வரவில்லை. அடைப்பு என்று அவன் சொன்னது நாளத்தில், அதாவது இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாயில். அக்காவுக்குப் பழுதானது நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்குகிறது.

ஆனால் அவன் சொன்னது வெறும் புரளியும் இல்லை. இத்தாலியில் பவுலோ சம்போனி என்ற மருத்துவர், தன் மனைவிக்கே எம்.எஸ். வந்ததால் தேடத் தொடங்கி, கழுத்து நாளம் சுருங்கி இரத்தம் சரியாக வடியாமல் மூளையில் இரும்பு படிகிறது என்று 2009இல் எழுதினார். 2013இல் கனடாவில் பார்த்தால் எம்.எஸ். இல்லாதவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு சுருக்கம். கடைசியில் சம்போனியே 115 பேரை வைத்துச் சோதித்தார்: ஒரு பகுதியினருக்குப் பலூன் விரித்தார்கள், மற்றவர்களுக்குப் பலூனை விரிக்காமல் மெல்லிய குழாயை மட்டும் நாளத்துக்குள் விட்டு எடுத்தார்கள், யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்தும் பலூனால் பலன் இல்லை. 2017இல் அதை அவரே வெளியிட்டார், அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மரியாதைதான். அதற்கு முன்பே, 2012இல், இந்தச் சிகிச்சையால் மரணமும் பக்கவாதமும் நேர்ந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். கோபப்படாமல் அக்காவின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளைத் தழும்புகளைக் காட்டினார். எம்.எஸ். தழும்பு பெரும்பாலும் ஒரு நுண்ணிய நாளத்தைச் சுற்றித்தான் உண்டாகுமாம், அதனால் நாளத்தைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது, ஆனால் கழுத்தில் விரிப்பதற்கு எதுவும் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கழுத்தில் சங்கிலியை நானே மாட்டிவிட்டேன். கூடலூருக்கும் பேசிவிட்டேன். அடுத்த கிளினிக் பதினெட்டாம் திகதி.