இனப்படுகொலை பற்றிய கேள்விக்குப் படித்த விதம்

சர்வதேசச் சட்டத் தேர்வுத் தாளில் இனப்படுகொலை பற்றிக் கேட்டால், பலரும் முதல் பத்தியிலேயே செத்தவர்கள் கணக்கை எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். எத்தனை பேர் என்பது அந்த வரையறையிலேயே கிடையாது. அது ஏன் என்று பிடிபட்டுவிட்டால் மனப்பாடச் சுமை பாதி குறைந்துவிடும். எனக்கு அது பிடிபட்டது இனப்படுகொலைக்கான ஆங்கிலச் சொல்லான 'ஜெனோசைடு' பிறந்த கதையைப் படித்தபோதுதான்.

அது ஒரே ஆள் உண்டாக்கிய சொல். போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் ரபேல் லெம்கின், இனம் என்று பொருள்படும் 'கெனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லையும் கொல்லுதலைக் குறிக்கும் லத்தீன் விகுதியையும் ஒட்டி உருவாக்கினார். நாஜிகள் தாங்கள் பிடித்த நாடுகளில் போட்ட சட்டங்களை ஆராய்ந்து 1944 இல் அவர் வெளியிட்ட நூலில் அது முதலில் அச்சானது. யூதர்கள் கொல்லப்பட்ட பிறகுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஆர்மீனியர்களின் அழிவு மாணவப் பருவத்திலேயே அவரை உலுக்கியிருந்தது. 1933 மாட்ரிட் மாநாட்டுக்கே இத்தகைய குற்றங்களைத் தண்டிக்கும் முன்மொழிவை அனுப்பியிருந்தார்.

போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் வழக்கின் குற்றப்பத்திரிகையில் இந்தச் சொல் இருந்தது. 1946 தீர்ப்பில் இல்லை. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலையைத் தடுத்துத் தண்டிப்பதற்கான உடன்படிக்கையை ஏற்றது. மனித உரிமைப் பிரகடனம் மறுநாள். இரண்டு தேதியையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

உடன்படிக்கையில் மொத்தம் 19 பிரிவுகள்தான். கைடு வேண்டாம், மூலத்தையே படியுங்கள். 2ஆம் பிரிவில்தான் உயிர் இருக்கிறது: தேசிய, இன, மரபின, மதக் குழு ஒன்றை, அந்தக் குழு என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம். அந்த நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்கள்: கொல்லுதல், உடலுக்கோ மனதுக்கோ கடுமையான தீங்கு செய்தல், பிழைக்க முடியாத வாழ்நிலையைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளை வேறு குழுவுக்கு வலிந்து மாற்றுதல். இவற்றில் முதலாவது மட்டும்தான் நேரடிக் கொலை. 'படுகொலை' என்ற தமிழ்ச் சொல்லோடு நின்றுவிட்டால் மற்ற நான்கும் விடுபட்டுப்போகும். ஈழத்து எழுத்தில் புழங்கும் 'இனவழிப்பு' இந்த வரையறைக்கு நெருக்கமானது. நான் அதையே எழுதினேன்.

வழக்குகளில் இரண்டை எதிரெதிரே வையுங்கள். கம்போடியாவில் போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் கம்யூனிஸ்ட் ஆட்சியில் மாண்டவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் மேல். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கெமர் இனத்தவரே. வர்க்க எதிரி, துரோகி என்ற பெயரில் சொந்த இனத்தாராலேயே அழிக்கப்பட்டவர்கள். அரசியல் குழுக்கள் வரையறைக்குள் வராததால், கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த தீர்ப்பாயத்தின் 2018 தீர்ப்பு வியட்நாமியர், சாம் முஸ்லிம்கள் தொடர்பில் மட்டுமே இந்தக் குற்றத்தை உறுதிசெய்தது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரிலோ 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படைகளால் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 8,000 போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும். அது இனப்படுகொலையே என்று 2007 இல் சர்வதேச நீதிமன்றமும் சொன்னது. செர்பியா அதைச் செய்யவில்லை, ஆனால் தடுக்கத் தவறியது என்றது. இந்த ஒப்பீட்டை எழுதிவிட்டால் 'நோக்கம்தான் மையம்' என்று தனியாக வாதாட வேண்டியதில்லை. (அந்த எல்லைக்கோடு நியாயமா என்பது வேறு கேள்வி. அரசியல் குழுக்களை விட்டது பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். விமர்சிக்கச் சொன்னால் தயங்காமல் எழுதுங்கள்.)

1994 இல் ருவாண்டாவில் துட்சி இனத்தவர் கொல்லப்பட்டது தொடர்பாக ஒரு நகர மேயர் மீது நடந்த அகயேசு வழக்கு, 1998: சர்வதேசத் தீர்ப்பாயம் ஒன்று இக்குற்றத்துக்காகத் தண்டித்த முதல் வழக்கு. பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று சொன்னதும் இதுவே. இரண்டு வரி போதும்.

இந்தியா பற்றிய பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1959 இல் உடன்படிக்கையை உறுதிசெய்தோம், ஆனால் இக்குற்றத்துக்கென்று உள்நாட்டுச் சட்டம் இயற்றவில்லை. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான காங்கிரஸ் பிரமுகர் சஜ்ஜன் குமார் மீதான வழக்கில், 2018 டிசம்பரில், டெல்லி உயர் நீதிமன்றம் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. விடையின் கடைசிப் பத்திக்கு இதை ஒதுக்கி வையுங்கள்.