பிரஷர் வாஷர் இல்லாமல் வீட்டிலேயே இன்ஜினைச் சுத்தம் செய்த அனுபவம்

இன்ஜினைச் சுத்தம் செய்ய நான் இறங்கியது பளபளப்புக்காக இல்லை. வண்டியில் எங்கிருந்தோ ஆயில் கசிந்துகொண்டிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு மெதுவாக இறங்கியது. ஓட்டி வந்து நிறுத்தினால் கருகல் வாடை அடித்தது. பானெட்டைத் திறந்தால் எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு. எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டி, அதன்மேல் மறுபடி எண்ணெய் ஊறி, எது பழைய அழுக்கு, எது புதுக் கசிவு என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லை. முதலில் சுத்தம், அப்புறம்தான் தேடல்.

இன்ஜின் பக்கம் தண்ணீரே படக்கூடாது என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. மழையிலும் ஈரச் சாலையிலும் ஓடுவதற்குத்தான் வண்டியைச் செய்கிறார்கள். சென்சார் ஒயர்களை இணைக்கும் கனெக்டர்களுக்குள் ரப்பர் சீல் இருக்கிறது. ஐபி67 என்ற, புழுதியும் தண்ணீரும் புகாத தரமுள்ள கனெக்டர் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். ஆனால் அந்தத் தரம் மூழ்குவதற்கு மட்டும்தான். கிட்டத்தில் வைத்து வேகமாகப் பீய்ச்சினால் சீலின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே போய்விடலாம். அந்த மாதிரிப் பீய்ச்சலுக்கென்று ஐபி69கே என்று தனித் தரமே உண்டு. போதாததற்கு, வண்டிக்கு வயதாக ஆக அந்த ரப்பர் இறுகிப்போகும். அதனால் தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சும் பிரஷர் வாஷரைத் தொடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

என்னுடையது சாதாரண பெட்ரோல் வண்டி. ஹைபிரிட், மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் நான் செய்ததை அப்படியே செய்ய வேண்டாம். பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கேபிள் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம். அங்கே தண்ணீர் வேலை வேண்டவே வேண்டாம். வண்டியோடு வந்த கையேடு என்ன சொல்கிறதோ அதோடு நின்றுவிடுங்கள்.

சூடான இன்ஜினில் கைவைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காரணம் கை சுடுவது மட்டுமில்லை. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓட்டத்தில் பல நூறு டிகிரி வரை சூடாகும். அதில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசரும் ஊறுவதற்கு முன்பே காய்ந்து கறையாகிவிடும். நான் இரவு முழுக்க நின்ற வண்டியில், காலை வேளையில் ஆரம்பித்தேன். சுத்தமாகக் குளிர்ந்துபோன பிசுக்கு இளகாது என்பதால் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டு நிறுத்தினேன். இன்ஜினின் மேல் மூடியான வால்வ் கவர் மேல் உள்ளங்கையை நிம்மதியாக வைத்திருக்க முடிந்தால் அந்தச் சூடு சரி. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் சீக்கிரம் சூடேறிவிடும் என்பதால் அதைக் கடைசிக்கு ஒதுக்கினேன்.

அடுத்தது பேட்டரி. 10 நம்பர் ஸ்பேனரை எடுத்து மைனஸ் டெர்மினலைக் கழற்றி, அது திரும்பப் போய் உரசாதபடி துணி சுற்றி ஒதுக்கி வைத்தேன். முதலில் மைனஸ்தான். பிளஸ்ஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் அதுவே ஷார்ட் சர்க்யூட். பேட்டரியைக் கழற்றுவதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது: சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். கையில் கடிகாரம், மோதிரம் எதுவும் இல்லாமல், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். கழற்றுவதற்கு முன் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: மியூசிக் சிஸ்டம் கோட் கேட்கும் வகையா என்று. சில வண்டிகளில் பவர் விண்டோவையும் திரும்பப் பழக்க வேண்டியிருக்கும்.

இனி வருவதுதான் என் கணக்கில் முக்கியமான பகுதி. மொத்த வேலையில் பெரும்பங்கு தண்ணீர் இல்லாமலே முடிந்துவிடும். வைப்பருக்குக் கீழே, கண்ணாடி பானெட்டைச் சந்திக்கிற பள்ளத்தில் காய்ந்த சருகு அடை அடையாகக் கிடந்தது. மேலே இருந்தது கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்தது மக்கி, கறுப்புச் சேறாகி, இரண்டு மூலையிலும் இருக்கிற வடிகால் துளைகளை அடைத்திருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் நோண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். சக்கரத்துக்குப் பின்னால் ஒழுகி வந்தது. இந்தத் துளை அடைபட்டால் மழைத் தண்ணீர் ஏசியின் காற்று வழியாக வண்டிக்குள் இறங்கும். கால்மிதிக்கு அடியில் காரணம் தெரியாமல் ஈரம் இருந்தால் முதலில் இங்கே பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கத்தில் விழுந்து கிடக்கும் சருகு இன்னும் மோசம், தீப்பிடிக்கவே இடம் கொடுக்கும்.

அப்புறம் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் புழுதியைத் தட்டிவிட்டு, கூடவே வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினேன். ஒயர்களின் மேலுறையை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டே போனேன். எலிப் புழுக்கை இருந்தால் உலர்ந்தபடி கூட்டிப் பறக்கவிடாதீர்கள். கிருமிநாசினியால் நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு துடைத்து எடுக்க வேண்டும். பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு கழன்று வந்தது. அந்தக் கரைசல் பேட்டரிக்குள் மட்டும் போகக் கூடாது.

ஈர வேலைக்கு முன்னால் மூடவேண்டியதை எல்லாம் மூடினேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு, ஏர் ஃபில்டருக்குக் காற்று இழுக்கும் வாய், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில்கள், பேட்டரி. பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் போதும். ஆல்டர்னேட்டரின் வளைந்த உடம்புக்கு அலுமினியத் தாள் நன்றாகப் படிகிறது. ஆயில் மூடி, டிப்ஸ்டிக், பிரேக் ஆயில் மூடி மூன்றும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் திருகிப் பார்த்தேன். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது, அதில் தண்ணீர் கலந்தால் பிரேக்கின் பலமே குறையும்.

டிகிரீசரில் தண்ணீர் சார்ந்த வகையைத்தான் வாங்கினேன். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பிசுக்கை நன்றாகக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் ஆவி பற்றிக்கொள்ளும், ரப்பர் ஹோஸ்களும் ஊறிக் கெட்டுப்போகும். அதேபோல காரம் அதிகமான கிளீனர் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். டப்பாவில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து, இன்ஜின் மேல் நேராகத் தெளிக்காமல் பிரஷ்ஷிலும் துணியிலும் தெளித்து, கீழிருந்து மேலாகத் தடவினேன். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற கோடுகள் கீழே கறையாக நிற்கும். சில நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்கு முன் தேய்த்தேன். பெல்ட்டில் மட்டும் படவிடவில்லை. அதில் எண்ணெயோ சோப்போ ஏறினால் வழுக்கிக் கீச்சிடும்.

அலச, கையால் பம்ப் செய்யும் ஸ்பிரேயர் போதும். பூவாளி மாதிரி மெல்லிய தூறலாக, மேலிருந்து கீழாக, சின்னச் சின்னப் பகுதியாக அலசினேன். மூடிவைத்த இடங்களை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. வண்டிக்கு அடியில் அகலமான தட்டும் பழைய துணிகளும் விரித்திருந்தேன். வழிந்து வந்த கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையிலோ மண்ணிலோ விடாமல் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கேட்டுக் கொடுத்துவிட்டேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்த தண்ணீர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும்.

உலர்த்தும் வேலையில் அவசரமே கூடாது. மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, பைகளை அவிழ்த்து, தண்ணீர் தேங்கும் பள்ளங்களில் புளோயரால் ஊதினேன். இக்னிஷன் காயில் உட்காரும் குழிகளைத் தனியாகப் பார்த்தேன். அங்கே தண்ணீர் நின்றால் இன்ஜின் தடுமாறும், செக் இன்ஜின் விளக்கும் சிமிட்டும். பானெட்டைத் திறந்தபடியே வெயிலில் விட்டு, பிற்பகலில் மைனஸ் டெர்மினலைத் திரும்பப் பூட்டினேன். பிளஸ்ஸையும் கழற்றியிருந்தால் முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டேன். முதலில் எக்ஸாஸ்ட் பக்கமிருந்து கொஞ்சம் ஆவி வந்து நின்றது. இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்தது.

கசிவும் அதிக நாள் காக்க வைக்கவில்லை. சில நாள் ஓட்டியதும் வால்வ் கவரின் பின்பக்க ஓரத்தில், சுத்தமான அலுமினியத்தின் மேல் தேன் நிறத்தில் நூல் பருமனுக்கு ஒரு கோடு இறங்கியிருந்தது. அது நேராகப் போய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வெப்பத்தைத் தடுக்கும் கேடயத் தகட்டில் முடிந்தது. கருகல் வாடை வந்தது அங்கிருந்துதான். வால்வ் கவருக்கு அடியில் இருக்கும் சீலான கேஸ்கெட் இறுகிப் போயிருந்தது. மெக்கானிக்கிடம் போய் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் வேறு எதையும் பிரிக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

இப்போது கண்ணாடி கழுவும் வாஷர் தண்ணீர் நிரப்பும்போதெல்லாம் சருகு எடுப்பது, பிரஷ் போடுவது, ஈரத்துணியால் ஒரு துடைப்பு எல்லாம் சேர்த்தே நடக்கிறது. பிசுக்கு ஏறவே நேரம் கிடைக்காததால் டிகிரீசர் பாட்டிலுக்கு வேலையே வரவில்லை. பிளாஸ்டிக் கவர்களுக்கும் ஹோஸ்களுக்கும் தண்ணீர் சார்ந்த டிரெஸ்ஸிங் என்ற பூச்சைத் துணியில் எடுத்து மெலிதாகப் பூசுவதுண்டு. எண்ணெய் மாதிரி மினுங்குகிற வகையை வாங்காதீர்கள். புழுதி அதில்தான் முதலில் ஒட்டும், கசிவு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.