கழுத்து நிமிராதவனுக்கு மயக்க மருந்து

பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று சொன்னபோது வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி. கடலூரிலேயே எத்தனையோ பேர் செய்துகொண்டு நடமாடுகிறார்கள். ஆனால் எனக்கு இளம் வயதிலிருந்தே அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இருக்கிறது. முதுகெலும்பின் மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய நார்களும் மெல்ல மெல்ல எலும்பாகி ஒட்டிக்கொள்ளும் வாத நோய் இது. எக்ஸ்ரேயில் என் முதுகு மூங்கில் கழி போலத் தெரியும். கழுத்து முன்னால் குனிந்தபடியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவேன். தாடை மூட்டிலும் இறுக்கம் உண்டு.

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். முந்தின நாள் மாலை மயக்க மருந்து மருத்துவர் வந்தார். வாயைத் திறக்கச் சொல்லித் தன் விரல்களை நிறுத்திப் பார்த்தார். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டு நுழைவதே பாடாக இருந்தது. நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்தார். உள்நாக்கு தெரியவே இல்லை. மேலண்ணத்தின் முன்பகுதி மட்டும்தான் தெரிகிறது என்றார். கழுத்தை நிமிர்த்தச் சொன்னார், அது நிமிர்ந்தால்தானே!

(மயக்கம் கொடுக்கும்போது மூச்சு விட உதவும் குழாயைத் தொண்டை வழியாகப் போடுவது கடினமாக இருக்குமா என்று கணிக்கும் இந்த நாக்கு நீட்டும் சோதனைக்கு மல்லம்பட்டி வகைப்பாடு என்று பெயர். ஆந்திரத்திலிருந்து அமெரிக்கா போன மயக்கவியல் மருத்துவர் சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. இன்று உலகம் முழுவதும் அறுவைக்கு முன் இதைப் பார்க்கிறார்கள்.)

பார்த்து முடித்ததும், “ஐயா, உங்களுக்கு இங்கே மயக்கம் கொடுக்க மாட்டேன். தொண்டைக்குள் பார்த்தபடியே குழாய் போட உதவும் வளையும் ஸ்கோப் எங்களிடம் இல்லை. புதுச்சேரிக்குப் போங்கள்” என்று சொல்லிவிட்டார். மைத்துனனுக்குக் கோபம். “முதுகில் ஓர் ஊசி போட்டு முடித்துவிடலாமே, மாமா? இதற்குப் போய் அலைய வைக்கிறார்களே” என்றான். எனக்கும் அன்று ஏமாற்றம்தான். ஆனால் இந்த நோய்க்காக எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னால் முடியாது என்று நேராகச் சொன்ன அவரைப் போல எனக்கு நல்லது செய்தவர்கள் குறைவு.

புதுச்சேரிச் சாலையின் வேகத்தடைகளைப் பற்றி முதுகு வளையாதவர்களைக் கேட்க வேண்டும். அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மயக்க மருந்துக்கு முந்தைய பரிசோதனைக்கென்றே தனிப் புறநோயாளர் பிரிவு இருக்கிறது. கழுத்து எக்ஸ்ரே, இதயத்துக்கு எக்கோ, நுரையீரல் சோதனை எல்லாம் எடுத்தார்கள். அதன்பிறகு அந்தப் பெண் மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். மைத்துனன் தன் கேள்வியை அவரிடமும் கேட்டான்.

முதுகு ஊசிக்கு எலும்புகளுக்கு நடுவே இடுக்கு வேண்டும். இவருக்கு அந்த இடுக்கே அடைபட்டுக் கிடக்கிறது, ஊசி போவது நிச்சயமில்லை என்றார் அவர். போனாலும் இன்னொரு சங்கடம். விலா மூட்டுகளும் இறுகிப்போனதால் என் மார்பு சரியாக விரியாது. பெரும்பாலும் உதரவிதானத்தை நம்பித்தான் மூச்சு விடுகிறேன். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்புவார்கள். அது அந்த உதரவிதானத்தையே மேலே தள்ளும். “பாதி அறுவையில் மூச்சு முட்டினால் அப்போது அவசரமாகக் குழாய் போட வேண்டும். நிதானமாகப் போடவே கஷ்டமான தொண்டைக்கு அவசரத்தில் போட நான் விரும்பவில்லை.”

அப்படியானால் வழக்கம்போலத் தூங்க வைத்துவிட்டுக் குழாய் போடலாமே என்று என் மனைவி கேட்டாள். மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் உள்ளே போனால் நானாக மூச்சு விடுவது நின்றுவிடும். குழாயும் போகாமல், முகமூடி வழியாகவும் காற்றுத் தர முடியாமல் போனால் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். கடைசி வழியாகக் கழுத்தின் முன்பக்கம் துளை போடலாம் என்றால், என் மோவாய் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஸ்கோப் விட்டுக் குழாயை வைத்துவிட்டு, பிறகு தூங்க வைப்பது என்று முடிவாயிற்று. அதுவும் முடியாவிட்டால் அன்று அறுவையைத் தள்ளிவைப்போம், நீங்கள் விழித்தே இருப்பதால் அது முடியும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது, கையெழுத்துப் போட்டேன்.

அறுவையன்று எச்சில் வற்ற ஓர் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு மூக்குத் துவாரமாக அடைத்து மூச்சு விடச் சொல்லி, எது தாராளமாக இருக்கிறது என்று பார்த்து அதில் சொட்டு மருந்து விட்டார்கள். பிறகு மரத்துப்போக லிக்னோகெய்ன்: புகையாகவும் ஜெல்லாகவும் ஸ்பிரேயாகவும். கடும் கசப்பு. கொஞ்ச நேரத்தில் விழுங்குகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த உணர்வுதான் பயமுறுத்தியது, வலி இல்லை. மேசையைச் சாய்வு நாற்காலி போல உயர்த்தி, என் கழுத்து எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே தலையணைகளை அடுக்கினார்கள். ஒட்டிப்போன கழுத்தை அழுத்தி நேராக்கப் பார்த்தால் எலும்பு முறியக்கூடும் என்று மருத்துவர் தம் உதவியாளர்களிடம் உரக்கச் சொன்னார்.

ஸ்கோப் மூக்கில் நுழைந்தபோது அழுத்தம் மட்டும் தெரிந்தது. “இப்போது நன்றாக மூச்சை இழுங்கள்” என்றார். குரல்வளை மேல் மருந்து தெளித்ததும் பொத்துக்கொண்டு இருமல் வந்தது. எல்லாவற்றிலும் சிரமமான கட்டம் அதுதான். சொல்லாமல் மறைப்பதில் பயனில்லை. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். குழாய் உள்ளே இறங்கியதும், “பேசிப் பாருங்கள்” என்றார்கள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. குரல் நாண்களுக்கு நடுவே குழாய் இருந்தால் குரல் எழும்பாதாம். குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று காட்டும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு அலை திரையில் வந்ததைப் பார்த்த பிறகே தூக்க மருந்து கொடுத்தார்கள்.

இந்த வழியின் முன்னோடி 1967இல் லண்டனில் பீட்டர் மர்ஃபி செய்தது என்று பிறகு படித்தேன். மூட்டு இறுகிய ஒரு நோயாளிக்கு, பித்த நாளத்தைப் பார்க்கும் கருவியை மூக்கு வழியாக விட்டிருக்கிறார். பித்தப்பைக்காகப் போன எனக்கு அது தனி மகிழ்ச்சி தந்தது.

குழாயை எடுப்பதிலும் அவர்கள் அவசரப்படவில்லை. முழுதாக விழித்து, சொன்னபடி கையை அழுத்திய பிறகுதான் எடுத்தார்கள். தொண்டைக் கரகரப்பு சீக்கிரமே சரியாயிற்று.

வீட்டுக்கு வரும்போது அந்த மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்தார். என் வாய் எவ்வளவு திறக்கும், எந்த மூக்கு வழியாக எந்த அளவுக் குழாய் போயிற்று, தலையை எப்படி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கழுத்து இறுகியவர்கள், வாய் திறக்காதவர்கள், கழுத்தில் தீக்காயத் தழும்பு உள்ளவர்கள் இப்படியொரு கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். விபத்தில் நினைவிழந்து கிடந்தால் நான் எதையும் சொல்ல முடியாது என்பதால், அதன் நகல் மனைவியிடமும் மைத்துனனிடமும் இருக்கிறது; என் செல்போனில் படமாகவும் வைத்திருக்கிறேன்.