அடைக்கோழியும் கீழத்தெருக் கழிச்சலும்

ஜனவரி 25

கீழத்தெருக் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்துவிட்டதாம். பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 26

செவலைக் கோழி அடையில் அமர்ந்து இன்றோடு ஒரு வாரம். இரவில் டார்ச் அடித்து முட்டைகளைப் பார்த்தேன். ஓட்டுக்குள் சிலந்தி வலையாகச் சிவப்பு நரம்புகள், நடுவில் துடிக்கும் ஒரு கரும்புள்ளி. இரண்டில் மட்டும் வெளிச்சம் தடையின்றி ஊடுருவியது. கூமுட்டை. எடுத்துவிட்டேன். செவலை கையைக் கொத்தியது. கொத்தட்டும்.

ஜனவரி 28

செத்த கோழிகளை வாய்க்காலில் வீசியிருக்கிறார்கள். ஒரு நாய் அதில் ஒன்றை இழுத்துக்கொண்டு நம் வேலி வரை வந்துவிட்டது. குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கழிச்சல் காற்றில் மட்டும் வருவதில்லை, எச்சத்தில் வருகிறது, செருப்பில் வருகிறது, காக்கையின் வாயில் வருகிறது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், இறக்கை தொங்கும், கழுத்து திருகிக்கொள்ளும், கொத்தாகச் சாகும். இது தெரிந்தவர்களே வீசுகிறார்கள் என்பதுதான் ஆறவில்லை.

கூண்டுப் பக்கம் போவதற்கென்று தனிச் செருப்பு வைத்துவிட்டேன்.

ஜனவரி 29

கறுப்பி வாயைத் திறந்து மூச்சு விட்டதாகத் தோன்றியது. போய்ப் பார்த்தால் கொட்டாவி.

ஜனவரி 30

சாம்பல் கோழி தோல்முட்டை இட்டிருக்கிறது. கையில் எடுத்தால் ஓடே இல்லை, ஈரத் தோல் மட்டும். விரல் பட்ட இடம் குழிந்து மெல்ல எழுந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். இப்போதுதான் முட்டையிடத் தொடங்கிய கோழி, அதனாலும் இருக்கலாம். ஆனால் கழிச்சல் தொற்றினாலும் முட்டை இப்படிக் கெடலாம். எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. கொண்டை சிவப்பாக இருக்கிறது, கம்புத் தானியத்தைக் கொத்தித் தின்கிறது. கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வைத்தேன். அத்தை கீழாநெல்லி, சின்ன வெங்காயம், மஞ்சள், வேப்பிலை எல்லாம் அரைத்து உருண்டை பிடித்துப் போட்டார். அது உடம்புக்குத் தெம்பு தரும், கழிச்சலைத் தடுக்க ஊசிதான் என்றேன். “ரெண்டும் இருக்கட்டும்” என்று முடித்துவிட்டார்.

பிப்ரவரி 1

இன்று ஓடுள்ள முட்டை!

பிப்ரவரி 2

நாளை கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம். கோழிகளை இரவே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் திறந்துவிட்டால் ஒன்றையும் பிடிக்க முடியாது.

பிப்ரவரி 3

எல்லாவற்றுக்கும் ஊசி போட்டாயிற்று. ஊசி போட்டவர் பனிக்கட்டி வைத்த பெட்டியிலிருந்துதான் மருந்தை எடுத்தார், அதைக் கவனித்த பிறகே எனக்கு நிம்மதி. செவலைக்கு என்ன செய்வது என்று அத்தைக்கும் எனக்கும் வாக்குவாதம். எழுப்பினால் அடையைக் கைவிட்டுவிடும் என்பது அவர் கட்சி. நல்லவேளை, இரை எடுக்க அதுவே இறங்கி வந்தது. அந்த நேரத்தில் போட்டோம். கால் மணி நேரத்தில் முட்டைகள் மீது போய் அமர்ந்துவிட்டது.

ஊசி பலன் தர நாளாகும். அதுவரை?

பிப்ரவரி 5

முட்டை குறைந்துவிட்டது. ஊசி போட்டால் சில நாள் அப்படித்தான் இருக்கும் என்று முகாமிலேயே சொன்னார்கள். இருந்தும் எச்சத்தைப் பார்க்காமல் நகர முடியவில்லை.

பிப்ரவரி 6

எதிர்வீட்டு அக்கா சந்தையில் இரண்டு பெட்டை வாங்கி வந்திருக்கிறார். இந்த நேரத்தில்! கொஞ்ச நாள் தனியே அடைத்து வையுங்கள் அக்கா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். முகம் சுருங்கிப்போனது. பரவாயில்லை.

பிப்ரவரி 8

முட்டைக்குள் சத்தம் கேட்கிறது. ஒன்றில் விரிசல். செவலை அடித்தொண்டையில் பதில் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஓட்டை உரித்து உதவலாமே என்று பக்கத்து வீட்டுப் பையன் நிற்கிறான். கூடாது, உள் சவ்வில் இன்னும் ரத்தம் ஓடும், கிழித்தால் குஞ்சு செத்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். தானே சுற்றிக் கொத்தி வரட்டும், ஒரு நாள் முழுவதும் ஆனாலும் சரி.

பிப்ரவரி 9

விடியும்போதே நான்கு. மதியம் ஏழு. நொய்யும் தண்ணீரும் வைத்தாயிற்று. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டிருக்கிறேன், விழுந்தாலும் மூழ்காது. ஏழாம் நாள் குஞ்சுகளின் கண்ணில் கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்து விட வேண்டும். காலண்டரில் 16ஐ வட்டமிட்டேன். மருந்தகத்தில் இருப்பு உண்டா என்று நாளைக் காலையிலேயே கேட்டு வர வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவர ஃபிளாஸ்க் அத்தையின் பரணில் இருக்கிறது.